பிறந்த வீட்டுக் கோடி

துபாயில் இருந்த எங்கள் பெரியப்பா எனக்கு ஒரு சாக்லேட்கூட அனுப்பியதில்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கில் மட்டும் துபாய்க்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் லீவில் வந்து பெட்டியைப் பிரித்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு வாயில் சாக்லேட்டை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார்கள். எங்கள் பெரியப்பாவோ லீவுக்கும் வந்ததில்லை, ஒரு போனும் பண்ணியதில்லை. கடைந்தெடுத்த கஞ்சன் என்று நானே முடிவு கட்டி, பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தேன். வீட்டில் கேட்டாலும் பிரயோஜனமில்லை. அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அத்தையிடம் கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

அத்தைதான் அந்தக் குடும்பத்தில் மூத்தவர். அடுத்துப் பிறந்தவர் துபாய் பெரியப்பா, கடைசி அப்பா. தாய் தகப்பன் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு அத்தை வைத்ததுதான் சட்டம். அடையாறில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். வாயில் எப்போதும் நான்கைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றைக் கடித்தபடியே அப்பாவைத் திட்டவும் அவரால் முடியும். நாற்பது வயதான என் அப்பா, ஒரு கல்லூரியில் எலக்ட்ரீஷியன், மின்சாரத்துக்குப் பயப்படாத மனுஷன், அந்தக் குரலைக் கேட்டால் எழுந்து நிற்பார்.

தன் தொழிலைப் பற்றி அத்தைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதிலும் "மயிலாப்பூர் அம்மா" கதையை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு ஜாக்கெட், பதினோரு வருஷமாக. அந்த அம்மா ஒரு நாளும் நேரில் வந்ததில்லை. மயிலாப்பூர்ப் பூக்காரி ஒருத்தி துணியையும் அளவு ஜாக்கெட்டையும் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை வாங்கிக்கொண்டு போவாள். தோள் மட்டும் பதினேழு அங்குலம். வேறு எவளாவது தைத்தால் அக்குளில் பிடிக்கும், அதனால்தான் அந்த அம்மா அடையாறை விட்டு அசைவதில்லை என்பது அத்தையின் பெருமை.

நான் நான்காவது படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நான்தான் இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு அத்தைக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். மயிலாப்பூரில் ஒரு சாவு என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அரை மணி நேரத்தில் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு புது வேட்டி, ஒரு துண்டு. தெரிந்தவர்கள் வீட்டுச் சாவு, போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். சமையலறைப் பக்கம் போய் அப்பாவிடம் சொன்னது வேறு. "ஆம்பளையா பொறந்தான், ஆம்பளையாவே போவட்டும். முடியை எடுத்து, வேட்டி கட்டி, வண்டியில ஏத்தி, சத்தமில்லாம முடிச்சிட்டு வந்துரலாம். நீ வாயைத் தொறக்காத." அப்பா திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, யாரும் விளக்கவும் இல்லை.

ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டும்போது அத்தை முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். அவருக்குள் பயம் இருந்ததை இப்போது யோசித்தால் தெரிகிறது. திருநங்கைகள் வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தைச் செருப்பால் அடிப்பார்கள், ராத்திரியோடு ராத்திரியாக யாருக்கும் தெரியாமல் தூக்கிப்போய்விடுவார்கள் என்றெல்லாம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் பார்த்தார்கள் என்று கேட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தையும் பார்த்ததில்லை, ஆனால் நம்பியிருந்தார்.

சத்தமில்லாமல் முடிக்கலாம் என்ற திட்டம் தெருமுனையிலேயே கவிழ்ந்தது. குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றின் முனையில் நாங்கள் இறங்கியதுதான் தாமதம், பறை அடிப்பவர்கள் நான்கு பேர் எங்களை நோக்கி அடித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும், தலையில் பூ இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. எல்லாரும் என் அப்பாவைவிட உயரம். "பொறந்த வூட்டுக்காரங்க வந்துட்டாங்க! பொறந்த வூட்டுக்காரங்க வந்துட்டாங்க!" என்று ஒருத்தி கத்த, அத்தனை பேரும் ஓவென்று அழுதார்கள். அதில் சந்தோஷமும் கலந்திருந்தது. ஒருத்தி சொம்புத் தண்ணீரால் எங்கள் மூவரின் கால்களையும் கழுவினாள். என் ஷூவைக் கழற்றிவிட்டு என் காலையும் கழுவினாள். அவ்வளவு மரியாதை எனக்கு அதுவரை யாரும் செய்ததில்லை, நான் நிமிர்ந்து நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் ஒருத்தி செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வர வேண்டும். அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ அக்காவோ, யாராவது தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுவருவார்கள். எத்தனை புடவை வந்து குவிந்தாலும் பிறந்த வீட்டுக் கோடிதான் மேலே ஏறும். அது வரும்வரை எடுக்க மாட்டார்கள். அது வராமல் போனால், கேட்பாரற்றுப் போனாள் என்று அர்த்தம். அந்தச் சந்தில் எல்லாரும் காலையிலிருந்து காத்திருந்தது அதற்காகத்தான். அத்தையின் மஞ்சள் பையில் இருந்ததோ வேட்டி.

வீடு இரண்டே அறை. வாசலில் சாமியானா, வாடகை நாற்காலிகள். உள்ளே கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி, தலைமாட்டில் குத்துவிளக்கு. விளக்குக்குப் பின்னால் கூத்தாண்டவர் படம், அவரை ஒட்டி அம்மன், அம்மனை ஒட்டி வேளாங்கண்ணி மாதா, மூன்று பேருக்கும் ஒரே பூச்சரம். ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே அதை அறுத்து வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்கிறவர்கள் அவர்கள். எப்படி அழுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தெருப்பெண்களும் வந்து கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர் அந்தத் தெருவுக்கு இடியாப்பம் விற்றவராம். கடன் சொன்ன வீட்டுக்கும் மறுநாள் இரண்டு கூடுதலாக வைப்பாராம்.

இறந்தவரை அங்கே அத்தனை பேரும் "அம்மா" என்றார்கள். அவர் பெறாமல் வளர்த்த மகள்களில் மூத்தவள் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் முன்னால் தாம்பாளத்தை நீட்டினாள். தேங்காய், பழம், மஞ்சள், நடுவில் காலியிடம். கோடியை அதில் வைக்க வேண்டும். அத்தை பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, வந்த காரியத்தை நீட்டி முழக்காமல் சொல்லிவிட்டார். எங்கள் வழக்கப்படி முடி எடுக்க வேண்டும், வேட்டி கட்டித்தான் தூக்க வேண்டும்.

வெளியே பறை நின்றுவிட்டது. சண்டை வரப்போகிறது என்று அப்பாவின் கையைப் பிடித்தேன். மூத்தவள் சண்டை போடவில்லை.

"ரத்த சொந்தம் நீங்கதான். நாளைக்கு போலீஸ்காரன் வந்தாலும் உங்க பேச்சைத்தான் கேப்பான், எங்க பேச்சு எடுபடாது," என்றாள். "அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. சாயங்காலம் வரிக்கும் பாருங்கடி, பொறந்த வூட்டுப் பொடவை வந்தா அதைக் கட்டி அனுப்புங்க, வரலைன்னா நீங்க வாங்கினதைக் கட்டுங்கன்னுச்சு. வேட்டி வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லல. அது அம்மாவுக்குத் தோணவே இல்ல போலக்கீது." கொஞ்சம் நிறுத்தி, "ஒருவாட்டி மொகத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா. அப்பறம் உங்க இஷ்டம்," என்றாள்.

பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அத்தை வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். நானும் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தேன். பெரிய குங்குமப் பொட்டு, வெள்ளிக் கம்பியாய் நரை கலந்த நீண்ட பின்னல், பழைய புடவை, மயில்கழுத்து நிறத்தில் ஜாக்கெட். நல்ல களையான முகம். அத்தை முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார். ஆனால் எத்தனை சாவில் உட்கார்ந்தாலும் தையல்காரியின் கண் தையலுக்குத்தானே போகும். கையை நீட்டி அந்த ஜாக்கெட்டின் கை ஓரத்தைப் பிடித்தார். அரக்கு நிறத்தில் மெல்லிய பைப்பிங், அதன் மேல் பொடிப்பொடியாகக் கைத்தையல். ஓரத்தை லேசாகப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இது நான் தச்சது," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

அப்போதுதான் மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பூக்காரியை அத்தை பார்த்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி கொண்டுவருகிற அதே பூக்காரி. அவள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சும்மா. தெரிஞ்சா எங்க அக்கா தைக்காதுன்னு சொல்லும். ஒவ்வொருவாட்டியும் நான் கொண்டாந்ததும் போட்டுப் பாக்காது, மொதல்ல மடியில வெச்சிக்கினு கொஞ்ச நேரம் உக்காந்துக்கினு இருக்கும்."

பதினோரு வருஷம். இருபத்திரண்டு ஜாக்கெட். அந்தத் தோளையும் அந்தக் கையையும் அந்த முதுகையும் அத்தை அங்குலம் அங்குலமாக அளந்து தைத்திருக்கிறார், யாருக்கு என்று தெரியாமலே. அவர் அழுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அத்தை அழவில்லை. மஞ்சள் பையை அப்பாவின் கையில் திணித்தார். "டேய், எழுந்திரு. புடவைக் கடை தொறந்திருக்கும்," என்றார். அப்பா ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

தெற்கு மாட வீதியில் ஒரு புடவைக் கடையில் ஏறினோம். ஏதோ ஒரு புடவையை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பலாம் என்றுதான் அப்பா நினைத்திருப்பார். அவருடைய அக்காவைப் பற்றி அவருக்கு இன்னும் தெரிய வேண்டியது நிறைய இருந்தது. அத்தை சப்பணம் போட்டு உட்கார்ந்து, அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொன்னார். பச்சை காட்டினால், அந்த நிறம் அவளுக்கு எடுக்காது என்றார். மஞ்சள் காட்டினால், அந்த மயில்கழுத்து ஜாக்கெட்டுக்கு அடிக்கும் என்றார். ஒன்றை வெளியே வெயிலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். இன்னொன்றின் முந்தானை குட்டை, அவ்வளவு உயரத்துக்குப் போதாது என்று தள்ளினார். விற்பனைப் பையன் களைத்துப்போய், யாருக்கும்மா, கல்யாணமா என்று கேட்டான்.

"என் தங்கச்சிக்கு," என்றார் அத்தை.

கட்டப்போகிறவரையே கூட்டி வந்திருந்தால் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று அவன் நியாயமாகத்தான் சொன்னான். "அவளால வர முடியாதுப்பா. அவளைப் பாக்க ஏகப்பட்ட பேரு வந்து உக்காந்திருக்காங்க," என்றார் அத்தை. அப்பா சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகுநேரம் படித்தார். எனக்கும் அப்போதுதான் விஷயம் ஓரளவு பிடிபட்டது: செத்தவர் எனக்கு இன்னொரு அத்தை. காலையில் எனக்கு ஒரு அத்தையும் ஒரு துபாய் பெரியப்பாவும் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு அத்தைகள் ஆகிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துபாய் என்ற பேச்சே எழவில்லை. தங்கச்சி சாவுக்கு வராத கோபத்தில் பெரியப்பாவைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று இன்னும் மூன்று நான்கு வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, அரக்கு நிறத்தில் மயில்கழுத்து பார்டர் போட்ட பட்டு ஒன்று அத்தைக்குப் பிடித்தது. காசு கொடுக்கும்போது பேரம் பேசவில்லை. அதைப் பார்த்து நானும் அப்பாவும் கொஞ்சம் பயந்தே போனோம்.

சந்தின் முனைக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டார். மேளம் வந்து அழைத்தால்தான் நுழைவேன், பிறந்த வீட்டுக் கோடி திருட்டுத்தனமாகப் போகாது என்றார். காலையில் சத்தமே கூடாது என்று சொன்ன அதே மனுஷி! பறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். காலையில் கேட்டதைப்போல இரண்டு மடங்கு அடி. மூத்தவள் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். அத்தை புடவையை விரித்து, பார்டர் எல்லாருக்கும் தெரியும்படி மடித்து, தாம்பாளத்தில் வைத்து அதை என் தலையில் ஏற்றினார். "கீழ போட்டே, தொலைச்சுப்புடுவேன்," என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த ஆசீர்வாதம். நான் நடந்தேன். வெள்ளைப் புடவைக்காரிகள் இரண்டு பக்கமும் குலவையிட்டார்கள். வீட்டு வாசல்களில், மாடிகளில், இஸ்திரி வண்டியருகே என்று தெரு முழுக்க நின்று பார்த்தது. "வந்துடுச்சு, பொறந்த வூட்டுப் பொடவை, பட்டுப் பொடவை!" என்று பூக்காரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். உலகத்திலேயே முக்கியமான ஆள் அன்று நான்தான்.

மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டியபின் புடவையை அத்தைதான் கட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. மடிப்பு சரியில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, கோணிய இடத்தையெல்லாம் இழுத்துவிட்டுக் குத்தினார். தூக்கும்போது மகள்கள் வரிசையாக வந்து வாசற்படியில் கைகளை மோதி வளையல்களை உடைத்தார்கள். தாய்க்காக மகள்கள் வளையல் உடைத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தாய்க்காக வளையல் உடைப்பதுண்டா என்று அத்தையும் கேட்டார். "எங்களுக்குத் தாயி, தகப்பன், வூடு, வாசல் எல்லாம் இது ஒண்ணுதாம்மா," என்றாள் மூத்தவள். நாற்பது நாளைக்குப் பூ வைக்க மாட்டார்களாம், கைதட்டிக் கடை கடையாகக் காசு கேட்கப் போக மாட்டார்களாம், தலைமாட்டு விளக்கை அணைய விட மாட்டார்களாம். அந்த வேட்டியும் துண்டும், காலையிலிருந்து அடித்த பறைக்காரர்களில் மூத்தவருக்குப் போயின. அவர் அங்கேயே அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடித்தார்.

பட்டப்பகல் மூன்று மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், பூப்பல்லக்கு கிளம்பியது. பாடையைத் தூக்கியது மகள்களும் அவர்களுடைய மகள்களும்தான். மாட வீதிக்குத் திரும்பியதும் பஸ் நின்றது, ஆட்டோக்கள் நின்றன, வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்றார். குளத்தின் ஓரமாக ரோஜா இதழ் இறைந்துகொண்டே போக, இளையவர்கள் பறைக்கு ஆடினார்கள். அழுதுகொண்டே ஆடினார்கள், ஒரு அடிகூடத் தாளம் தப்பவில்லை. மூத்தவள் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தாள். யாரோ ஒரு கிழவி, பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். "அதை அங்க போயி நாங்க பேசிக்கறோம் ஆயா, நீ வழி வுடு," என்று மூத்தவள் நடந்துகொண்டே சொன்னாள். கிழவி வழி விட்டாள். என் அப்பா, வாழ்நாளில் ஒரு கல்யாண ஊர்வலத்தில்கூட ஆடாதவர், பாடைக்குத் தோள் கொடுக்கும் உயரம் இல்லாமல், ஒரு கம்பின் நுனியை மட்டும் விரல்களால் பிடித்தபடி போனார்.

எங்கள் வழக்கப்படி முச்சந்தியில் நானும் அத்தையும் நின்றுவிட்டோம். ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது. பூக்களுக்கு நடுவே அரக்கு முந்தானை ஒரு ஓரமாக வெளியே தொங்கி வெயிலில் மின்னியது தெரிந்தது. அது வளைவில் மறைந்த பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அவ என் பாவாடையை எடுத்துக் கட்டிக்கினா. அதுக்குத்தான் அன்னிக்குப் போட்டு அடிச்சேன். அந்த அடியோட போனவதான்," என்றார்.

எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கேட்காமல் அடுத்தவர் பாவாடையை எடுத்தால் அடி விழத்தானே செய்யும். எங்கள் பிளாக்கில் தினமும் நடக்கிற சண்டை. இத்தனை வருஷம் கழித்தும் அத்தைக்கு அந்தப் பாவாடை மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்து, ஆறுதலாக அவர் கையைப் பிடித்தேன்.

"பரவால்ல அத்தே. இப்போ அவங்களுக்குன்னே புதுசு வாங்கிக் குடுத்துட்டீங்களே," என்றேன்.

அத்தை மாட வீதி நடுவில், பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்ன் அடிக்க அடிக்க, முட்டி போட்டு உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் கன்னமெல்லாம் ஈரமாகும்வரை முத்தம் கொடுத்தார். தாம்பாளத்தைக் கீழே போடாமல் கொண்டுவந்ததற்காகத்தான் அத்தனை முத்தம் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.